கைதட்டாத கொட்டகை

துஷ்டி கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், ஆவுடையம்மாள் உயிரோடு இருந்தபோது அவள் வாயை எப்படி அடைப்பது என்று யோசித்தவர்கள். இப்போது அவர்களே மாலையோடு வந்தார்கள். "இப்படி ஒரு மனுஷிய இனிமே எங்க பாக்க?" என்றார்கள். மகள் கார்த்திகா எல்லாருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

அவள் ஓசூரில் இயந்திர வடிவமைப்புப் பொறியாளர். பழுது என்றால் எங்கே, எதனால், எப்போதிருந்து என்று கேட்டுப் பழகியவள். அம்மாவின் சாவில் அப்படிக் கேட்க ஒன்றும் இல்லை. பங்குனி வெயில். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வாசலுக்கு எதிரே வேப்பமரம், அதன் கீழே தகரக் கூரை, மேசை, கம்ப்யூட்டர். மனு தட்டிக்கொண்டிருந்தவள் மேசையில் தலையைச் சாய்த்தாள். களைப்பாக்கும் என்று காத்திருந்தவர்கள் சும்மா இருந்தார்கள். அடுத்த ஆள் மட்டும் பொறுக்க முடியாமல் தோளைத் தொட்டு உலுக்கியிருக்கிறார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர். அவ்வளவுதான்.

அந்த அடுத்த ஆள் ராஜபாளையத்து வீட்டுக்கே வந்துவிட்டார், காரியத்துக்கு முந்தின நாள். மகாராஜபுரத்து விவசாயி, பால்ச்சாமி என்று பெயர்.

"அம்மா எம் மனுவப் பாதி அடிச்சு வச்சிருந்தாக தாயி. வரப்புத் தகராறு. மீதியையும் முடிச்சுக் குடுத்தா..."

"எங்க அம்மா இறந்து போயிருக்காங்க."

"தெரியும் தாயி. நாந்தான உலுக்குனேன்." அவர் கண் கலங்கியது. துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு, "பாதிதான் பாக்கி," என்றார்.

கார்த்திகாவுக்கு அவரை வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது. அவரோ நகரவில்லை.

"அம்மா மொதல்ல என்னைய எதிராளி மாதிரிப் பேசச் சொன்னாக. பக்கத்து வயக்காரன் என்ன சொல்லுவானோ, அம்புட்டையும் எம் வாயால சொல்ல வச்சாக. சொல்லச் சொல்ல எனக்கே பாதிக் கோவம் போயிருச்சு. மீதிக் கோவத்தத்தான் அடிச்சிட்டு இருந்தாக."

கார்த்திகா, வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அம்மாவின் கம்ப்யூட்டரைத் திறந்து மனுவை முடித்துக் கொடுத்தாள்.

ஆவுடையம்மாள் தறிக்காரர் வீட்டுப் பெண். தட்டச்சு படித்தாள். பட்டாளத்துக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் வடக்கே ஒரு மலைப்பாதையில் லாரியோடு பள்ளத்தில் விழுந்து போனான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவள் நீதிமன்ற வாசலில் ஒரு பழைய தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்தபோது, சொந்தக்காரர்கள் கூடி நின்று, ஆம்பிளைகள் நடமாடுகிற இடத்தில் அறுத்துப்போட்டவளுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். அவள் அவர்களையும் உட்காரச் சொல்லி, "உங்களுக்கு என்ன மனு?" என்றாள். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ். சாயங்காலம் திரும்பிவருகையில் வாயில் வசவு. வசவு எதிராளிகள் மேல் இல்லை. தன்னிடம் வருகிறவர்கள் மேல்தான். ஒருத்தி வருவாள். அழுவாள். மண்ணை வாரித் தூற்றுவாள். என்ன நடந்தது என்று கேட்டால், "அந்தக் கொள்ளையில போறவன்..." என்று ஆரம்பிப்பாள்.

"ஏட்டி, அவன் கொள்ளையில போகட்டும். போறதுக்கு முன்னால என்ன செஞ்சான்? அதச் சொல்லு."

அதைச் சொல்லத் தெரியாது. நியாயம் முழுக்க அவள் பக்கம் இருக்கும். ஆனால் அதிகாரி முன்னால் நின்றதும் சாபம் வரும், அழுகை வரும், கும்பிடு வரும். நடந்தது வராது. எதிராளி ஒரு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நான்கு வாக்கியம் பேசிவிட்டுப் போய்விடுவான். இப்படித் தோற்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து ஆவுடையம்மாளுக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது என்று கார்த்திகா நினைத்தாள். மருத்துவர் உப்பு என்று சொல்லியிருந்தார்.

ஒருமுறை பள்ளி ஆண்டு விழாவுக்கு ஆவுடையம்மாள் போனாள். பக்கத்து வீட்டுப் பெண் பெண்விடுதலை பற்றி மனப்பாடம் செய்ததைக் கணீரென்று முழங்கிக் கேடயம் வாங்கியது. திரும்பி வரும்போது கண்டக்டர் அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் விசில் கொடுக்காமல் தாண்டிவிட்டான். அந்தப் பிள்ளை கேடயத்தை மார்போடு அணைத்தபடி, வாயைத் திறக்காமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தது. ஆவுடையம்மாள் கண்டக்டரைப் பிடிபிடியென்று பிடித்தாள். அதோடு விடவில்லை. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பேன், காசு கிடையாது என்று தெருவில் அறிவித்தாள்.

ஒரு பிள்ளைகூட வரவில்லை.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தத் தெருவில் கோடை விடுமுறை என்றால் பேண்டேஜ் சுற்றுவது. தறியில் நெய்து, வெளுத்து, பட்டை பட்டையாக வெட்டிய துணியை வியாபாரியின் வண்டி காலையில் வீடு வீடாகப் போட்டுவிட்டுப் போகும். கையால் சுழற்றும் சின்னக் கருவி ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். பெரியவர்கள் மில்லுக்குப் போன பிறகு பிள்ளைகள் உட்கார்ந்து சுற்றி உருளையாக்குவார்கள். ஷிப்டு முடிந்து வந்த அம்மாமாரும் கூடச் சுற்றுவார்கள். சாயங்காலம் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலோ யார் காலிலோ அது கட்டாகும்.

"அப்படின்னா துணியையும் தூக்கிட்டு வாங்க," என்றாள் ஆவுடையம்மாள். "கைதான வேலை செய்யுது. வாய் சும்மாத்தான இருக்கு?"

அப்படித்தான் முகாம் தொடங்கியது. தறிகளை விற்றுவிட்டுப் பூட்டிக் கிடந்த ஒரு கொட்டகை. தரையில் தறிக்கால் பதிந்த குழிகள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சுற்றுவார்கள். சுற்றிக்கொண்டே வாதாடுவார்கள். கருவிகள் கிறீச்சிட்டுப் பேச்சை விழுங்கின. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கார்த்திகா சுழலும் அச்சுக்கு நைலான் வளையம் கடைந்து எல்லாவற்றிலும் மாட்டிவிட்டாள். சத்தம் அடங்கியது. அவளுடைய கோபம் அடங்கவில்லை.

"பிள்ளைங்களை வேலை வாங்குற இடத்துல உரிமை பேச வைக்கிறியே. வெக்கமா இல்லையாம்மா?"

"வெக்கந்தான். நான் வெக்கப்பட்டுக் கதவச் சாத்திட்டா அதுக வீட்டுல சுத்தும். வாயத் தொறக்காமச் சுத்தும். எது தேவல, நீயே சொல்லு."

பதில் இல்லை என்பதால் கேள்வி தப்பாகிவிடுமா? ஒவ்வொரு கோடையிலும் தொலைபேசியில் அதே சண்டை நடந்தது.

ஆவுடையம்மாளின் முகாமில் திருக்குறள் கிடையாது. "அவையோர்க்கு வணக்கம்" கிடையாது. எழுந்தால் முதலில் எதிராளியின் தரப்பைச் சொல்ல வேண்டும். அரைகுறையாகவோ கிண்டலாகவோ சொல்லக் கூடாது. சொல்லி முடித்து, "உங்க தரப்பச் சரியாச் சொல்லிட்டேனா?" என்று அவரிடமே கேட்க வேண்டும். அவர் தலையாட்டினால்தான் தன் தரப்பைத் தொடங்கலாம். தன் தரப்பில் நடந்தது என்ன, வேண்டியது என்ன, அவ்வளவுதான். உட்கார்ந்துவிட வேண்டும். யாரும் கைதட்டக் கூடாது.

"கைதட்டு வாங்குனவன் வந்த காரியத்த மறந்துருவான். நல்லவேளை, உங்க கையெல்லாம் வேலையா இருக்கு," என்பாள்.

போன கோடையில் பிள்ளைகள் எடுத்துக்கொண்டது வெளுப்புத் தண்ணீர். தெருவிலேயே பெரிய பேண்டேஜ் வியாபாரி குருசாமி. அவருடைய வெளுப்புக் கொட்டகையிலிருந்து வெள்ளையாக நுரைத்து வரும் தண்ணீர் அங்கன்வாடி வாசலில் தேங்கும். பிள்ளைகள் நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். பேசியது பாண்டிசெல்வி. மில் தொழிலாளி அய்யம்மாளின் மகள், ஒல்லியான பெண். முதலில் குருசாமியின் தரப்பைச் சொன்னாள். அவரால் இந்தத் தெருவில் அடுப்பெரிகிறது, வாய்க்கால் கட்டித் தருகிறேன் என்று சொன்ன நகராட்சி கட்டவில்லை, அவர் தண்ணீரை எங்கே விடுவார் என்றாள். அதைக் கேட்டதும்தான் அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசியில் குழாய் அடைக்கப்பட்டது. குருசாமி தன் செலவில் தொட்டி கட்ட வேண்டியதாயிற்று.

அவர் கோபத்தைக் காட்டவில்லை. தெருப் பொங்கலில் ஆவுடையம்மாளை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். ஊரே கைதட்டியது. அந்தச் சால்வையால் அவள் பிரிண்டரை மூடி வைத்தாள்.

அந்தக் குருசாமிதான் காரியம் முடிந்த கையோடு நாற்காலியைக் கார்த்திகாவின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, அம்மா பேரு நிக்கணும். அந்த ஓட்டைக் கொட்டகையில ஒண்ணும் வேண்டாம். நம்ம மண்டபத்துல வருஷா வருஷம் ஆவுடையம்மாள் நினைவுப் பட்டிமன்றம். வெளியூர்ப் பேச்சாளர்லாம் வருவாக. தலைப்புக்கூட யோசிச்சிட்டேன். குடும்பத்தின் மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா?"

கார்த்திகா அவரையே பார்த்தாள்.

"எங்க அப்பா லாரியோட போயிட்டாரு. எங்க அம்மா மேசையில தலையச் சாச்சுட்டா. எந்த அணி ஜெயிக்கும், அண்ணாச்சி?"

சுற்றியிருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். குருசாமி தொண்டையைச் செருமினார்.

"துக்கத்துல பேசுத. பரவால்ல. முகாமு இனி நடக்காதுல்ல? அதச் சொல்லிட்டாப் போதும்."

அதுவரை அவளுக்கு முகாம் நடத்தும் எண்ணமே இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு ஓசூர் பஸ் ஏறுவதாகத்தான் இருந்தாள்.

"நடக்கும்," என்றாள். "கொட்டகையிலதான் நடக்கும்."

ஓசூருக்கு லீவு எழுதிப் போட்டுவிட்டுச் சித்திரையில் கொட்டகையைத் திறந்தாள். பிள்ளைகள் துணிக்கட்டோடு வந்து நின்றார்கள். அவள் வாசலில் மறித்தாள்.

"துணி உள்ள வரக் கூடாது. எங்க அம்மா செஞ்சது தப்பு. நான் செய்ய மாட்டேன்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விமல் என்கிற குண்டுப் பையன் கட்டைத் தலைக்கு ஏற்றினான்.

"அப்ப நாங்களும் வேண்டாமாக்கா?"

"ஏலே, அப்படியா சொன்னேன்?"

"துணி வெளிய நின்னா நாங்களும் வெளியதான் நிக்கணும். ரெண்டும் ஒரே கட்டுக்கா."

அவள் வழிவிட்டாள். அம்மா செய்த அதே தப்பை, தப்பென்று தெரிந்தே செய்தாள். அன்று முழுக்க எல்லார் மேலும் எரிந்து விழுந்தாள். கொட்டகைச் சுவரில் அம்மாவின் படம் இருந்த பக்கம் திரும்பவில்லை.

அந்த வருடத்துத் தலைப்பைப் பாண்டிசெல்விதான் சொன்னாள். "நாங்க துணி சுத்தணுமா, வேண்டாமா?" கைகள் சுற்றிக்கொண்டிருக்க வாதம் நடந்தது. விமல் தோளில் துண்டைப் போட்டு, வயிற்றைத் தள்ளிக் குருசாமியாக நடந்தான். "ஏ தாயி, நான் சோறு போடுதேன்லா? சோத்துக்குக் கை அசையாண்டாமா?" கொட்டகை குலுங்கியது. பாண்டிசெல்வி சிரிக்கவில்லை. "கேலி பண்ணாதலே. அவிய நெசமாவே என்ன சொல்லுவாக? அதச் சொல்லு," என்று திரும்பத் திரும்பச் செய்ய வைத்தாள். அந்தக் குரலில் ஆவுடையம்மாள் இருந்தாள். கார்த்திகா எழுந்து வெளியே போய் வெயிலில் செத்த நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

அப்படி ஒரு நாள் வாசலில் மோட்டார் பைக்கை நிறுத்தி ஒருவன் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பேச்சுப் பயிற்சி என்ற பெயரில் குழந்தைகளை வேலை வாங்குவதாகப் புகார். விசாரணைக்கு வரவும். புகார் கொடுத்தவர் தெரு நலச் சங்கத் தலைவர் குருசாமி.

கார்த்திகா அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எதிரே இருந்த ஸ்டூலை ஓங்கி உதைத்தாள். கால் வீங்கியது. யாருடைய துணியைப் பிள்ளைகள் சுற்றினார்களோ, அவரே, பிள்ளைகள் சுற்றுகிறார்கள் என்று புகார் கொடுத்திருக்கிறார். இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது? அதற்கு இடம் கொடுத்தது அம்மாதான். கட்டைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று அவள்தானே சொன்னாள்.

பிள்ளைகளில் பாண்டிசெல்வியையும் விமலையும் கூட்டிக்கொண்டாள். பாண்டிசெல்வியின் அம்மா அய்யம்மாளும் மில்லுக்கு லீவு போட்டு வந்தாள். பஸ் நீதிமன்றத்தைத் தாண்டியபோது கார்த்திகா வேப்பமரத்தைப் பார்த்தாள். அதே தகரத்தின் கீழே வேறு யாரோ மேசை போட்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலும் கூட்டம்.

அலுவலக அறை சின்னது. அதிகாரி கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண். குருசாமி முன்னதாகவே வந்து ஒரு சால்வையை விரித்து நின்றார். அந்த அம்மாள் அதை வாங்கி, பார்க்காமலே ஜன்னலில் வைத்தாள். அய்யம்மாளுக்கு நாற்காலி இல்லை. கதவோரம் நின்றாள்.

"நீங்க இன்ஜினியரா?" என்றாள் அதிகாரி. "படிச்சவங்க. பிள்ளைகளை இப்படி வேலை வாங்கலாமா?"

கார்த்திகா விருட்டென்று எழுந்தாள். இத்தனை நாளும் கட்டிவைத்த எல்லாமும் ஒன்றாக வாய்க்கு வந்தது.

"எங்க அம்மா செத்து முழுசா ரெண்டு மாசம் ஆகல. இந்த ஆளு... இந்த ஆளு மாலை போட்டுட்டு, அதே கையால..."

பாண்டிசெல்வி அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா," என்று மெல்லச் சொன்னாள். "எதிர்த் தரப்பச் சொல்லாம ஆரம்பிக்கிறிய."

கார்த்திகா வாயை மூடினாள். நீதிமன்ற வாசலில் மண்ணை வாரித் தூற்றிய அத்தனை பெண்களும் அவளாக நின்றார்கள். உட்கார்ந்தாள். பாண்டிசெல்வி எழுந்தாள்.

"நான் பேசட்டுமாம்மா? போட்டோவுல முன்னால இருக்குறது நாந்தான்." அதிகாரி தலையசைத்தாள். "மொதல்ல குருசாமி அண்ணாச்சி தரப்பு. கொட்டகையில பிள்ளைக காலையிலருந்து மதியம் வரைக்கும் பேண்டேஜ் சுத்துறோம். அது உண்மை. பதினாலு வயசு ஆகாத பிள்ளைகளும் இருக்காக. விரல் வெடிக்கு. நூல் தூசி மூக்குக்குள்ள போகுது. சின்னப் பிள்ளைகளுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்கு. லீவுல விளையாடுற பிள்ளைகள இப்படி உக்கார வைக்கிறது குத்தம். அதுவும் உரிமை சொல்லித் தாரோம்னு சொல்றவுக செஞ்சா ரெண்டு பங்கு குத்தம். இத வீட்டு வேலைன்னு சொல்ல முடியாது. கூலிக்குச் செய்ற வேலை." அவள் குருசாமியின் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, உங்க தரப்பச் சரியாச் சொல்லிட்டேனா? எதும் விட்டுப்போச்சா?"

குருசாமியின் முகம் மலர்ந்தது. மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தவர் போல் அதிகாரியைப் பார்த்தார்.

"நான் எழுதிக் குடுத்தத விட நல்லாச் சொல்லுதா பாத்தியளா? ஒரு வார்த்தை விடல."

"கூலிக்குச் செய்ற வேலைன்னு சொன்னேனே, அதும் சரிதானா?"

"பின்ன? கூலி வேலைதான."

"அப்ப சரின்னு சொல்லுங்க அண்ணாச்சி," என்றான் விமல்.

"சரிதாம்லே."

பாண்டிசெல்வி அதிகாரியைப் பார்த்து நின்றாள். "அவிய சரின்னுட்டாக. இப்ப எங்க தரப்பு. எங்க தரப்புல ஒரே ஒரு சேதிதான். அந்தத் துணி அவிய துணி."

குருசாமி பாதி எழுந்தார்.

"நான் வீடுகளுக்குல்ல குடுக்கேன்? வீட்டுல பிள்ளைக ஒத்தாசை பண்ணுனா அது குடும்பத் தொழில். சட்டத்துலயே இருக்கு. கொட்டகையில கொண்டு வச்சதுதான் தப்பு."

"எங்க வீட்டுத் துணியா இருந்தாக் குடும்பத் தொழில் அண்ணாச்சி. காலையில உங்க வண்டியில வருது. சாயங்காலம் உங்க வண்டியில போகுது. எங்க வீட்டுல தங்குறது தூசி மட்டுந்தான். இப்பத்தான கூலி வேலைன்னு ஒத்துக்கிட்டிய?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினாள். "உனக்கு என்ன வேணும்?"

"முகாமு நடக்கணும். துணி வேண்டாம். கொட்டகையிலயும் வேண்டாம், வீட்டுலயும் வேண்டாம். பிள்ள கையும் சேந்தாத்தான் கட்டுப்படியாகும்ங்கிற மாதிரி அம்மாமாருக்குக் கூலி வைக்கக் கூடாது." அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி எழுதினாள். கொட்டகையில் குழந்தைகள் துணி சுற்றியது தவறு, நடத்துபவருக்கு எச்சரிக்கை. வீடுகளில் குழந்தைகளைக் கொண்டு சுற்றவைப்பதும் நிறுத்தப்பட வேண்டும், வியாபாரியின் கிடங்கு ஆய்வு செய்யப்படும். வேலை இல்லாமல் முகாம் நடக்கலாம். கார்த்திகா எச்சரிக்கையில் கையெழுத்துப் போட்டாள். குற்றம் குற்றம்தான். அம்மாவுடையதும் சேர்த்துத்தான் போட்டாள். குருசாமி கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. விமல் தன் பேனாவை நீட்டினான்.

பஸ்ஸில் விமல் குருசாமியைப் போல் பாதி எழுந்து பாதி உட்கார்ந்து காட்டிக்கொண்டே வந்தான். அய்யம்மாள் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். ராஜபாளையத்தில் இறங்கியதும் மகளின் கையைப் பிடித்து விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாளிலிருந்து வண்டி அந்தத் தெருவுக்கு வரவில்லை. சட்டம்னா சட்டம், வம்பு எதுக்கு என்று சொல்லிக் குருசாமி துணி முழுவதையும் வேறொரு தெருவுக்குத் திருப்பிவிட்டார். பெரியவர்கள் கைக்கும் வேலை இல்லை.

கார்த்திகா கொட்டகையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பிள்ளையும் வரவில்லை. தறிக்குழியில் எறும்பு ஊர்ந்தது. ஜெயித்தோம் என்று நினைத்தது எல்லாம் இதற்குத்தானா? குருசாமி மேல் கோபம் வந்தது. தெருவின் மேல் வந்தது. எல்லாவற்றுக்கும் மேல், இதையெல்லாம் தலையில் கட்டிவிட்டு மேசையில் தலை சாய்த்தவள் மேல் வந்தது. "நீ போயிட்ட," என்று படத்தைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். "வசதியாப் போயிட்ட."

அதற்கு மறுநாள் காலையில் வாசலில் கூச்சல்.

"ஏட்டி இஞ்சினீரு! வெளிய வாட்டி!"

அய்யம்மாள். பின்னால் அண்டை வீட்டு வெள்ளத்தாயும் இன்னும் பல பெண்களும். அவர்களுக்கும் பின்னால் பிள்ளைகள்.

"நீ பெட்டியத் தூக்கிட்டு ஓசூருக்குப் போயிருவ. எங்க அடுப்புக்கு எவ வருவா? உன் ஆத்தாளா எந்திரிச்சு வருவா?"

கார்த்திகாவின் முகம் சிவந்தது. சுடச்சுடப் பதில் நாக்கில் இருந்தது. அதை விழுங்கினாள்.

"யம்மா, உள்ள வந்து உக்காந்து சொல்லு," என்றாள் பாண்டிசெல்வி.

"உக்கார மாட்டேன்!" என்று கத்திக்கொண்டே அய்யம்மாள் உள்ளே வந்தாள். விமல் பெஞ்சை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. மற்றப் பெண்கள் உட்கார்ந்தார்கள்.

கார்த்திகா அவள் முன்னால் நின்றாள். "உங்க தரப்பு. வருமானம் போச்சு. பிள்ளைங்க பேசுன பேச்சுல பெரியவங்க வேலையும் போச்சு. சரியாச் சொல்லிட்டேனா?"

"இல்ல."

"ஜெயிச்சதும் நாங்க அப்படியே விட்டுட்டோம். வண்டி வராமப் போகும்னு யோசிக்கவே இல்ல."

"அதுவும் இல்ல." அய்யம்மாள் ஒரு அடி முன்னால் வந்தாள். "எம் மக அந்த ரூம்புல அவன் தரப்பச் சொன்னா. உங்க தரப்பச் சொன்னா. அம்மாமாருக்குக் கூலின்னு எனக்கும் சேத்து அவளே கேட்டா. நான் எங்கட்டி நின்னேன்? கதவுக்கிட்ட நின்னேன். எம் முன்னாலயே எம் பொழப்பப் பத்திப் பேசுதாக. அய்யம்மா, நீ என்ன சொல்லுதன்னு ஒருத்தி கேட்டியளா? எம் பிள்ள கை வெடிக்கிறது எனக்குத் தெரியாதா? அதச் சுத்த வச்சவ நாந்தானட்டி. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

இத்தனை கோடையாக இங்கே எல்லாருடைய தரப்பையும் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். துணிக்கட்டைத் தலையில் ஏற்றி அனுப்பியவளின் தரப்பை ஒருவரும் எடுத்ததில்லை. ஆவுடையம்மாளும் எடுத்ததில்லை.

"கேக்கல," என்றாள் கார்த்திகா. "உங்களப் பத்தித்தான் பேசினோம். உங்களக் கேக்கல. எங்க அம்மாவும் கேக்கல."

"அது," என்றாள் அய்யம்மாள். "இப்பச் சொன்னியே, அதுதான்." பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உங்க ஆத்தா இருந்திருந்தா அவளையும் வந்து இப்படித்தான் வஞ்சிருப்பேன்."

"வையணும். எனக்கும் அவளை வையணும் போலதான் இருக்கு."

வெள்ளத்தாய் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன வேணும்?" என்று கார்த்திகா கேட்டாள்.

அய்யம்மாள் சுற்றியிருந்த பெண்களைப் பார்த்தாள். "வண்டி இந்தத் தெருவுக்கு வரணும். நாங்க சுத்துறோம், பெரியவுக மட்டும். பிள்ளையத் தொட விடல. ஆனா பிள்ள கையில்லாமலும் கட்டுப்படியாகுற கூலி குடுக்கணும். அந்தத் தெருக்காரிகளும் இதையே கேக்கணும், இல்லன்னா அவன் அங்கிட்டும் இங்கிட்டும் மாத்திக்கிட்டே இருப்பான். அவுகளையும் போய்ப் பாக்கணும். பொறவு அவங்கிட்ட நான் பேசணும். எம் மக பேசக் கூடாது. நான் பேசணும். எப்படிப் பேசுததுன்னு சொல்லிக் குடு."

"இங்க அதுதான் நடக்குது. எந்திரிச்சு நில்லுங்க. மொதல்ல எதிராளி தரப்பு."

"எவன் தரப்பு?"

"குருசாமி அண்ணாச்சி தரப்பு."

"அவன் தரப்பா? எம் வாயாலயா? த்தூ!" அய்யம்மாள் தரையில் துப்பினாள்.

"துப்பிட்டுச் சொல்லலாம்மா," என்றாள் பாண்டிசெல்வி. "எதிராளி தலையாட்டுனாத்தான் உன் முறை வரும்."

விமல் அதற்குள் யாருடைய துண்டையோ பிடுங்கித் தோளில் போட்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்து நின்றான். அய்யம்மாள் எழுந்தாள். அவனை முறைத்தாள். குருசாமியையே முறைப்பது போல் முறைத்தாள். பையன் ஒரு அடி பின்னால் வைத்தான்.

"நீரு..." என்று தொடங்கி நிறுத்தினாள். மூச்சை இழுத்தாள். "நீரு துணி குடுக்கலேன்னா இந்தத் தெருவுல பாதி நாளு அடுப்பு எரியாது. அது நெசம். உமக்கும் மேல ஒருத்தன் இருக்கான். அவன் விலையக் கொறச்சா நீரும் எங்களுக்குக் கொறைக்கணும்னு சொல்லுதீரு. இருக்கலாம். நாங்க ஒருநாளும் வாயத் தொறந்து அதிகம் கேக்கல. கேக்காதவளுக்கு எதுக்குக் கூட்டிக் குடுப்பான் ஒருத்தன்? அதுவும் நெசம்..."

விமல் தன்னை மறந்து இரண்டு கையையும் சேர்த்துத் தட்டிவிட்டான். அந்தக் கொட்டகையில் அதுவரை கேட்காத சத்தம். பிள்ளைகளின் கை முதன்முறையாகக் காலியாக இருந்தது.

"கையக் கட்டுலே," என்றாள் பாண்டிசெல்வி. "இன்னும் எங்க தரப்பே வரல."

அய்யம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குருசாமி அண்ணாச்சி," என்றாள், துண்டு போட்ட பையனை நேராகப் பார்த்து. "உம்ம தரப்பச் சரியாச் சொல்லிட்டனா?"